இரண்டாவது கையெழுத்து

28 செப்டம்பர்

மனைவிக்கு,

நீ புறப்பட்ட நாள் முதல் இன்றுவரை நேர்ந்த மீறல்கள், தேதி வரிசைப்படி:

1. செப்டம்பர் 3. கையில் கொடுத்தனுப்பிய ரொக்கம் முழுவதையும் விமான நிலையக் கவுண்டரிலேயே மாற்றியிருக்கிறாய். நீ எனக்கு அனுப்பிய ரசீதே சாட்சி. விமான நிலையத்தில் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் ஒரு நோட்டுக்கூட மாற்றக் கூடாது என்பது முதல் விதி. நூற்றுக்கு ஒன்பது வீதம் இழந்தாய்.

2. செப்டம்பர் 10. வாரந்தோறும் வங்கியில் பயணக் காசோலையை மாற்றி, மாற்றிய சீட்டை எனக்கு அனுப்பவேண்டும். ஒரு சீட்டும் வரவில்லை. நம் வங்கி மேலாளர் இருமுறை கேட்டுவிட்டார். "என்ன சார், மேடம் அங்க செலவே பண்றதில்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. செப்டம்பர் 14. ஏரிப் படம் போட்ட அஞ்சலட்டையில், "கடிகாரக் கடைக்காரர் தங்கமான மனிதர், அவசரத்துக்குப் பணம் தந்தார்" என்று எழுதியிருக்கிறாய். வங்கியைத் தவிர வேறெங்கும் பணம் மாற்றலாகாது என்பது ஐந்தாம் விதி.

4. செப்டம்பர் 17. செயற்கைக் கண் செய்யும் உன் பயிற்சிப் பட்டறையில் எடுத்த புகைப்படத்தில் உன் இடது மணிக்கட்டு தெரிகிறது. கடிகாரம் இல்லை. அது இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

5. செப்டம்பர் 19. எங்கள் கல்லூரி நூலகரின் தங்கை நீ இருக்கும் ஊரில்தான் வசிக்கிறாள். கொட்டும் மழையில் வாய்க்கால் ஓரமாக நீ நடந்து போவதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாள். பேருந்துக்கென்று தனித்தொகை ஒதுக்கியிருந்தேன்.

6. செப்டம்பர் 21. நீ எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் செயற்கைக் கண்கள். அரைப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் நாய். பணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இருபத்தாறு ஆண்டுகளாக அந்நியச் செலாவணியைப் பாடம் நடத்துகிறவன் நான். பதினொரு விதிகளை என் கைப்பட எழுதி உன் பையின் உள்உறையில் தைத்து அனுப்பினேன். பயணக் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். வாங்கும்போது ஒன்று, பணமாக்கும்போது மற்றொன்று. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் உன் கை நடுங்கும் என்பதை நான் அறிவேன். வங்கிக் கணக்குத் தொடங்கிய அன்று கையெழுத்துப் பொருந்தவில்லை என்று எழுத்தர் உன்னைக் கடிந்துகொண்டதும், வீடு வரும்வரை நீ உன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் நீ புறப்படுவதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், நாற்பது காசோலைகளிலும் இரண்டாவது கையெழுத்தை நம் வீட்டு மேசையிலேயே நிதானமாகப் போடவைத்தேன். நான்காம் விதி முழுக்க முழுக்க உனக்காகவே உருவானது. கவுண்டரில் நீட்டுவதுதான் நீ செய்யவேண்டிய ஒரே காரியம். அதையும் நீ செய்யவில்லை.

நீ வேலை பார்க்கும் மருத்துவமனை உன்னைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது என் ஜாமீனின் பேரில் என்பதை நினைவூட்டுகிறேன். திருப்தியான விளக்கம் அக்டோபர் 16-க்குள் எழுத்துமூலம் வராவிட்டால் அந்த ஜாமீனை விலக்கிக்கொள்ள நேரிடும். அதன்பின் பயிற்சியைப் பாதியில் விட்டு நீ திரும்பவேண்டியிருக்கும்.

உன் கணவன், ஜாமீன்தாரர்

---

7 அக்டோபர்

அன்புள்ள ஜாமீன்தாரருக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறு குற்றச்சாட்டு இருக்கிறது, ஒரு மிரட்டல் இருக்கிறது. 'அன்புள்ள' மட்டும் இல்லை. வழியில் எங்காவது உறைக்குள் ஒட்டிக்கொண்டதோ என்று கவிழ்த்து உதறியும் பார்த்தேன்.

முதலில், நீங்கள் சாப்பிடுகிறீர்களா? இரத்தக் கொதிப்பு மாத்திரை நீல டப்பாவில் இருக்கிறது. அலமாரியில் இரண்டாவது தட்டு. கடிதத்தின் எழுத்து அழுத்தத்தைப் பார்த்தால் மாத்திரையை விட்டுவிட்டீர்கள் என்று தெரிகிறது. பின்பக்கத்தைத் தடவினால் படிக்கிற அளவுக்கு அழுத்தியிருக்கிறீர்கள்.

விளக்கத்துக்கு வருகிறேன். விமான நிலையத்தில் மாற்றியது எனக்கும் வருத்தம்தான். அன்றைக்கு வேறு வழி இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். வங்கிச் சீட்டுகள் வரும், கொஞ்சம் பொறுங்கள். மேலாளரிடம் மேடம் கஞ்சப் பிசினாறி என்று சொல்லிவையுங்கள், நம்பிவிடுவார்.

கடிகாரம் கடைக்காரரிடம் பத்திரமாக இருக்கிறது. கழற்றிக் கொடுத்ததும் காதோரம் வைத்துக் கேட்டார். "இது ஓடுதும்மா, ஆனா நேரத்தைத் துரத்திக்கிட்டு ஓடுது. ஒரு நாளைக்குப் பதினோரு நிமிஷம் பிந்துது" என்றார். பதினோரு நிமிடம்! உங்கள் முதல் புத்தகத்துக்கு வந்த பணத்தில் ஆசையாக நீங்கள் வாங்கிக் கொடுத்த கடிகாரம். எத்தனை வருடமாக வாசலில் நின்று "பத்து நிமிஷம் லேட்டு" என்று என்னைத் திட்டியிருக்கிறீர்கள்? அத்தனை திட்டையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வட்டி வேண்டாம்.

மழையில் நடந்தது உண்மை. குடை இருந்தது, அதை நூலகரின் தங்கை உங்களுக்கு எழுதவில்லை பாருங்கள். நடந்து நடந்து இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வரி கேட்டீர்கள். இதோ. போன மாதம் பதினெட்டாம் தேதி காலையில் வீட்டுக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு என் அறைக்கு வந்தார். மேல்வரிசைப் பல்செட் இரண்டாகப் பிளந்துவிட்டது. மறுநாள் அவர் பேரனுக்கு நிச்சயதார்த்தமாம். ஒரு சொல்லும் விளங்கவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. பத்தொன்பது வருடம் பல்செட் செய்தவளிடம் வந்து சேர்ந்தது அவர் அதிர்ஷ்டம். பட்டறையில் கேட்டு அக்ரிலிக் வாங்கி, மதியத்துக்குள் ஒட்டி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று நாயைக் கூப்பிட்டுப் பார்த்தார். நாய் வந்தது. "இந்த மாச வாடகையை மறந்துடு" என்றார். உங்கள் பதினொரு விதியில் இந்த மாற்று இல்லை. கமிஷனும் கிடையாது.

இப்போது கண்கள். நம் மருத்துவமனையில் கண்ணை இழந்து வருகிறவருக்கு என்ன செய்கிறோம்? டப்பாவைத் திறந்து, கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறோம். சட்டைக்குப் பொத்தான் தேடுகிற மாதிரி. இங்கே ஒவ்வொரு கண்ணையும் அந்த ஆளைப் பார்த்துத் தீட்டுகிறார்கள். கருவிழிக்குள் ஏழெட்டு நிறம் இருக்கிறது. வெள்ளையில் ஓடும் நரம்புக்குச் சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து ஒட்டுகிறார்கள். போன வாரம், எதிரில் இல்லாத ஒருவரின் கண்ணை நினைவிலிருந்து தீட்டச் சொன்னார்கள். எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். ஆசிரியை கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு இவரு? என் மேல என்ன கோபம் இவருக்கு?" என்றார்.

இப்போது உங்கள் கண் என் மேசைமேல் இருக்கிறது. பேனாவை எடுத்தால் முறைக்கிறது. அதனால்தான் கடிதம் சுருக்கம்.

ஜாமீனை மட்டும் விலக்கிக்கொள்ளாதீர்கள். திட்டுங்கள், பட்டியல் போடுங்கள், 'அன்புள்ள'வைக்கூட நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பாதியில் விட்டு வரச் சொல்லாதீர்கள்.

உங்கள் மனைவி

---

16 அக்டோபர்

மனைவிக்கு,

உன் விளக்கம் கிடைத்தது. நகைச்சுவை போதுமான அளவில் இருக்கிறது. விளக்கம் இல்லை.

நேற்று உட்கார்ந்து கணக்கிட்டேன். ரொக்கமாகக் கொண்டுபோனது பத்து நாளைக்குக்கூடக் காணாது. காசோலை எதுவும் பணமாகவில்லை. கடிகாரம் கடைக்காரரிடம் "பத்திரமாக" இருக்கிறது என்கிறாய், பழுதுபார்க்கக் கொடுத்தேன் என்று எழுதவில்லை. ஆகவே அதை அடகு வைத்திருக்கிறாய். அதாவது, நாற்பது காசோலைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஓர் அந்நியரிடம் கடிகாரத்தை அடகு வைத்து, மழையில் நடந்து, பிறர் பல்லை ஒட்டி வாழ்கிறாய். புத்தி தெளிவாக உள்ள ஒருவர் இப்படிச் செய்வதற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் இருக்கிறது. அந்தப் பணம் உன்னிடம் இல்லை. தொலைத்திருக்கிறாய், அல்லது யாருக்காவது கொடுத்திருக்கிறாய்.

தொலைந்தது என்றால் சொல்லியிருக்கலாம். கொடுத்தேன் என்றாலும் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன். பிறகு வேறு ஏற்பாடு செய்திருப்பேன். இருபத்தேழு ஆண்டுகளில் நான் செய்யாத ஏற்பாடு ஏதாவது உண்டா? "ஏன் என்று கேட்காதீர்கள்" என்று ஒரு கணவனுக்கு எழுதுவது, வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே உள்ளே வராதே என்று சொல்வதற்குச் சமம். சினத்தைக் காட்டிலும் அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது என்பதைப் பதிவுக்காகக் குறிப்பிடுகிறேன்.

மாத்திரை நீல டப்பாவில் இல்லை. பச்சை டப்பாவில் இருந்தது. சாப்பிடுகிறேன்.

வேறொரு செய்தி. எங்கள் துறையிலிருந்து பதினெட்டு மாணவர்கள் நவம்பர் 12 அன்று ஒரு மாதப் படிப்புச் சுற்றுலாவுக்கு வெளிநாடு செல்கிறார்கள். உனக்கு எழுதிக் கொடுத்த பதினொரு விதிகளையும் விரித்து, 'அயல்நாட்டில் பணமாற்றம்: ஒரு வழிகாட்டி' என்ற சிறுநூலாக்கக் கல்லூரி முடிவுசெய்திருக்கிறது. ஐநூறு பிரதிகள். அச்சு 22-ஆம் தேதி தொடங்குகிறது. நான்காம் விதியை முதல்வர் தனியே பாராட்டினார். "காசோலைகள் அனைத்திலும் இரண்டாவது கையெழுத்தை வீட்டிலேயே அமைதியாக இட்டுவிடுக. கவுண்டரின் நெருக்கடியில் கை நடுங்கிக் கையெழுத்து மாறும் இடர் இதனால் நீங்கும்" என்பது அதன் வாசகம். வேறெந்தக் கையேட்டிலும் இது இல்லை என்றார். இருக்க முடியாது. அவற்றை எழுதியவர்களுக்கு நீ மனைவியாக வாய்க்கவில்லை.

அந்த விதியை ஒருமுறைகூட நடைமுறையில் பயன்படுத்தாதவள் நீ ஒருத்திதான்.

பணம் என்ன ஆயிற்று என்பதை நவம்பர் 4-க்குள் எழுத்துமூலம் தெரிவி. ஜாமீனைப் பற்றி அதன்பின் முடிவெடுப்பேன்.

உன் கணவன்

---

25 அக்டோபர்

என்னங்க,

இன்று காலை உங்கள் கடிதம் வந்தது. படித்து முடித்ததும் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்கு ஓடினேன். "நாலாம் விதி தவறு. புத்தகம் கொடுக்காதீர்கள். கடிதம் வருகிறது." இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். என்ன நினைத்தீர்களோ தெரியாது. என்ன நினைத்திருந்தாலும் இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

பணம் தொலையவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை. நாற்பது காசோலையும் என்னிடம்தான் இருந்தன. அவற்றை யாரும் வாங்கவில்லை.

முதல் நாளே விமான நிலையக் கவுண்டரில் ஒன்றை நீட்டினேன். அந்தப் பெண் வாங்கி, விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். "இந்த ரெண்டாவது கையெழுத்தை எப்போ போட்டீங்க?" "வீட்ல." "யாரு முன்னாடி?" "என் வீட்டுக்காரர் முன்னாடி." பக்கத்துக் கவுண்டர்க்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "அம்மா, இதை என் கண்ணெதிரே போடணும். நீங்கதான் அந்த ஆளுன்னு நான் தெரிஞ்சுக்கறதுக்குத்தானே ரெண்டாவது கையெழுத்து? முன்னாடியே போட்டுட்டா, இதை யாரு கீழ கிடந்து எடுத்துட்டு வந்தாலும் பணம் கேக்கலாமே!" என்றாள்.

அதனால்தான் ரொக்கம் முழுவதையும் அங்கேயே மாற்றினேன். அப்புறம் மூன்று வங்கி ஏறி இறங்கினேன். இரண்டில் தொட்டே பார்க்கவில்லை. மூன்றாவதில் ஒரு பெரியவர் இரக்கப்பட்டு, "பின்பக்கம் இன்னொரு தடவை போடுங்க, ஒத்துப்போனா கொடுக்கறேன்" என்றார். பின்னால் வரிசையில் ஏழு பேர். அவர் கண் என் பேனா முனையில். என் கை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பெயரைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

காசோலைக் கம்பெனியின் அலுவலகம் ரயிலில் மூன்று மணி நேரம். போனேன். காசோலை எண்கள் எழுதிய தாளைக் காசோலையோடு வைக்காமல் வேறு பையில் வைக்கவேண்டும் என்பது உங்கள் ஏழாம் விதி. அந்தத் தாளும் வாங்கிய ரசீதும் இருந்ததால்தான் அவர்கள் என்னை உட்காரவைத்துப் பேசினார்கள். "நீங்க வாங்கின வங்கிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறோம், நாலு நாள்ல புதுசு கொடுத்துடலாம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். தலைமை அலுவலகம் வழியாகச் சரிபார்த்தால் ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். ஆகட்டும் என்றேன்.

ஏன் என்று இப்போது கேளுங்கள், சொல்கிறேன். நம் வங்கியில் நீங்கள் நுழைந்தால் மேலாளர் எழுந்து நிற்பார். செலாவணி வாத்தியார் என்று எழுத்தர்கள் உங்களிடம் சந்தேகம் கேட்பார்கள். அந்த மேசைக்கு, வாத்தியார் தன் மனைவியை இப்படிக் கையெழுத்துப் போடவைத்து அனுப்பியிருக்கிறார் என்று ஒரு தந்தி போய் நிற்க என் மனம் ஒப்பவில்லை. உங்களுக்குச் சொன்னால் அந்த நிமிடமே வங்கிக்குப் போய் நின்றிருப்பீர்கள். நான் ஊதாரி என்று நீங்கள் நினைத்தால் எனக்குப் பொறுத்துக்கொள்ள முடியும். பழகிய விஷயம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். மேசைமேல் மை ஒற்றும் தாள் விரித்தீர்கள். நான் கையெழுத்துப் போடப்போட ஒவ்வொன்றையும் ஊதி உலர்த்தி அடுக்கினீர்கள். இருபதாவதில் என் விரல் வலித்ததும் எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்தீர்கள். நாற்பதும் முடிந்ததும், "இனிமே எவன் முன்னாலயும் உன் கை நடுங்க வேண்டாம்" என்றீர்கள். அதைத் தவறு என்று எப்படி எழுதுவேன்? ஐந்து வாரமாகத் தினமும் எழுத உட்கார்ந்தேன். கடைசி மூன்று வாரமும் உங்கள் கண் மேசையிலிருந்து பார்த்தது. பேனாவை மூடிவிட்டேன்.

ஆனால் பதினெட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குப் பல்செட் ஒட்டத் தெரியாது.

போன திங்கள்கிழமை புதிய காசோலைகள் வந்துவிட்டன. மறுநாளே வங்கிக்குப் போனேன். கவுண்டர்ப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "யாராவது பார்த்தால் என் கை நடுங்கும், அவசரப்படுத்தாதீர்கள்." அவள் பேனாவையும் நாற்காலியையும் நகர்த்திக் கொடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். கையெழுத்து என் கையெழுத்தாகவே விழுந்தது. சீட்டு இத்துடன் இருக்கிறது. மேலாளரிடம் காட்டுங்கள்.

புத்தகத்தில் சேர்க்க எனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். நடந்து நடந்து கற்றது. "கமிஷன் இல்லை" என்று பெரிதாகப் பலகை போட்ட கடையில் அது விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பலகையைப் பார்க்க வேண்டாம். "இதைக் கொடுத்தால் என் கைக்கு எவ்வளவு வரும்?" என்று ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நான்கு கடையில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். ரயிலடியிலும் விடுதியிலும் மாற்ற வேண்டாம், ஒரு தெரு தள்ளிப் போனால் போதும். மடிந்த நோட்டு, மூலை கிழிந்த நோட்டு, பேனாவால் எழுதிய நோட்டு எதையும் வாங்க மாட்டார்கள். இஸ்திரி போட்ட மாதிரி இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற கவுண்டருக்கு நம் அவசரம் தெரியும். சில்லறையை ஊர் திரும்பும்போது எந்த வங்கியும் திரும்ப வாங்காது. கடைசி நாளில் தபால்தலையாக மாற்றி வீட்டுக்குக் கடிதம் போட்டுவிடலாம். மாற்றிய சீட்டை எறியக் கூடாது, மிச்சப் பணத்தை நம் பணமாக்க அதைத்தான் கேட்பார்கள். இதெல்லாம் உங்கள் விதிகளில் பாதி இருக்கிறது. மீதி என் செருப்பில் இருந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, மழை நாட்களில். போய்விட்டது.

இன்னொன்று. நவம்பர் 29 அன்று தேர்வு. நினைவிலிருந்து தீட்டிய கண்ணை அதற்குரிய ஆளின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். ஆள் தொலைவில் இருந்தால் வண்ணப் புகைப்படம் போதும். ஒன்று அனுப்பிவையுங்கள். முறைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பொருந்தாமல் போய்விடும். இல்லை, முறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி

---

4 நவம்பர்

என் அன்புள்ள மனைவிக்கு,

தந்தி அக்டோபர் 26 காலை கிடைத்தது. அப்போது ஐநூறு பிரதிகளும் அச்சாகி, அச்சகத்தில் தைப்பதற்காகக் காத்திருந்தன. காரணம் எனக்குத் தெரியாது. ஆயினும் நேரே அச்சகத்துக்குச் சென்று, வேலையை நிறுத்தச் சொன்னேன். "என்ன தப்பு சார்?" என்றார் அச்சகக்காரர். "இன்னும் தெரியவில்லை. ஆனால் தவறு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உன்னால் தீட்ட முடியுமா என்று தெரியவில்லை.

நவம்பர் 2 அன்று கடிதம் வந்தது. உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன்.

இதுவரை உன்மேல் அடுக்கிய ஆறு மீறல்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவற்றின் இடத்தில் ஒன்றே ஒன்றைப் பதிவுசெய்கிறேன். செப்டம்பர் 1, ஞாயிறு, பிற்பகல்: பணம் கொடுப்பவரின் முன்னிலையில் கையெழுத்திடுக என்று ஒவ்வொரு காசோலையிலும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டும், சம்பிரதாயச் சொற்கள் என்று ஒதுக்கிய ஒருவன், அந்நியச் செலாவணியில் முதுகலைப் பட்டம் பெற்றவன், தன் மனைவியை ஐந்து வாரம் மழையில் நடக்கவைத்தான். அவனுக்கு எந்த விளக்கத்துக்கும் வாய்ப்பளிக்க நான் தயாராக இல்லை.

நீ ஐந்து வாரம் கட்டிக்காத்ததை இன்று ஒரு காலைப் பொழுதில் நானே கலைத்துவிட்டேன். மன்னிக்கவும். வங்கி மேலாளரிடம் நேரில் சொன்னேன். எழுந்து நின்றவர் நின்றபடியே கேட்டார். பிறகு, "சார், வாங்கும்போதே நாங்க எச்சரிக்கணும். உங்களுக்குப் போய் நாங்க என்ன சொல்றதுன்னு விட்டுட்டோம்" என்றார். அந்த வாக்கியத்தைவிடக் கடுமையான தண்டனையை எவரும் எனக்கு விதித்திருக்க முடியாது. பதினெட்டு மாணவர்களுக்கும் வகுப்பிலேயே சொன்னேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், நீங்க வெளிநாடு போனதே இல்லையா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மேடத்தையே கூட்டிட்டு வந்து கிளாஸ் எடுக்கச் சொல்லுங்க சார்." வெளியே அனுப்பவில்லை. நியாயமான கோரிக்கை.

நூலை அழிக்கவேண்டியதில்லை என்று அச்சகக்காரர் யோசனை சொன்னார். நான்காம் விதியின் மேல் ஒட்டுவதற்கு ஐநூறு துண்டுத் தாள்கள் அச்சாகின்றன. ஒட்டும் வேலையை நானே ஏற்றிருக்கிறேன். நம் சாப்பாட்டு மேசைமேல் பசைக் கிண்ணம் இருக்கிறது. புதிய வாசகம்: "இரண்டாவது கையெழுத்தைக் கவுண்டரில், எழுத்தரின் கண்ணெதிரே மட்டுமே இடுக. கை நடுங்குமாயின் அதை முதலிலேயே சொல்லிவிடுக. நாற்காலி தருவார்கள்." இறுதிப் பக்கத்தில், நீ எழுதிய குறிப்புகளை நீ எழுதியபடியே, செருப்பு உட்படச் சேர்த்திருக்கிறேன்.

உன்னிடம் மறைத்த ஒன்றை நானும் ஒப்புக்கொள்ளவேண்டும். செப்டம்பர் 9 அன்றே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். நீ போன ஏழாம் நாள். மீறல் பட்டியலை எழுதிய கையே அந்தப் படிவத்தையும் நிரப்பியது. ஏன் என்று கேட்காதே. வீட்டில் வாசலில் நின்று தாமதம் என்று சொல்வதற்கு ஆளில்லை. அக்டோபர் 30 அன்று கடவுச்சீட்டு வந்தது. நவம்பர் 27 விமானத்தில் இடம் பதிவுசெய்திருக்கிறேன். புகைப்படம் அனுப்பப்படமாட்டாது.

இன்று வங்கியிலேயே பத்துப் பயணக் காசோலைகள் என் பெயரில் வாங்கினேன். மேலாளரும் இரண்டு எழுத்தர்களும் சுற்றி நின்று பார்க்க முதல் கையெழுத்துகளை இட்டேன். மூன்றாவதில் என் கை நடுங்கியது. கடந்த இருபத்தேழு ஆண்டுகளாக இதைப் பற்றி உனக்கு அறிவுரை சொல்லிவந்தவன் என்ற முறையில் இதை நீ அறிவது அவசியம். இரண்டாவது கையெழுத்துக்கான இடம் பத்திலும் வெறுமையாக இருக்கிறது. அதை இடும்போது என் பக்கத்தில் நிற்க ஒருவர் தேவை.

எனவே கீழ்க்கண்டவற்றுக்குத் திட்டவட்டமான பதில் வேண்டும். விமான நிலையக் கவுண்டரில் எவ்வளவு மாற்றினால் நீ இருக்கும் தெருவரை பேருந்தில் வந்துசேரலாம். பார்க்காதது போல் பார்க்கும் அந்தப் பெண் எந்த வங்கியில், எந்தக் கவுண்டரில் இருக்கிறாள். கடிகாரக் கடைக்காரருக்குத் தரவேண்டியது எவ்வளவு. கடிகாரத்தை நீ மீட்க வேண்டாம், பதினோரு நிமிடங்களுக்கான மன்னிப்பையும் அவரிடமே கேட்டு நான் மீட்கிறேன். தேர்வில் முறைக்கவேண்டுமா, வேண்டாமா. எல்லாவற்றுக்கும் முன்பாக, இவ்வளவுக்குப் பிறகும் நான் வருவதில் உனக்குச் சம்மதமா.

ஜாமீன் நீடிக்கிறது. மேற்கண்டவற்றுக்கான பதில் நவம்பர் 25, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணித் தபாலுக்குள், எழுத்துமூலம், 'அன்புள்ள' என்ற சொல்லுடன் தொடங்கி, என் கைக்கு வந்துசேர வேண்டும்.

உன் கணவன்